என்18 கோடு இருந்தால் சிறுநீரக நோய் என்று நம்பலாமா?

முதலில் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். உங்களிடம் அமெரிக்கக் காப்பீட்டு கிளெய்ம் தரவு இருக்கிறது, ரத்தப் பரிசோதனை முடிவுகள் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் எவ்வளவு கெடுதல் செய்கின்றன என்று பார்க்கிறீர்கள். நோய்களுக்குக் குறியீட்டு எண் தரும் ஐசிடி-10 பட்டியலில், நாள்பட்ட சிறுநீரக நோயைக் குறிக்கும் என்18 (N18) என்று தொடங்கும் கோடு, அதாவது பில்லிங் குறியீடு, ஒரு முறையாவது பதிவானவர்களை நோய் உள்ளவர்கள் என்றும், மற்ற அனைவரையும் நோய் இல்லாதவர்கள் என்றும் பிரித்துவிட்டீர்கள். கட்டுரையைப் பரிசீலித்தவர், பில்லிங் கோடுகளை வைத்து சிறுநீரக நோயைக் கண்டறிவது நம்பகமானதல்ல என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். கோடுகளின் துல்லியம் எத்தனை சதவீதம், பதிலில் எந்த எண்ணைக் காட்டுவது என்று கேட்கிறீர்கள்.

ஒரே எண்ணில் அடங்கும் பதில் இதற்குக் கிடையாது. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோடு உள்ளவருக்கு உண்மையிலேயே நோய் இருக்குமா? பெரும்பாலும் இருக்கும். கோடு இல்லாதவருக்கு நோய் இல்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. பரிசீலகரின் ஒற்றை வரி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. உங்கள் ஆய்வின் வடிவமைப்பும் அதையேதான் செய்திருக்கிறது. நான் சிறுநீரக மருத்துவம் படித்துவிட்டு, பல ஆண்டுகளாக இதே மாதிரியான கிளெய்ம் தரவில் வேலை செய்பவன். கீழே சொல்வதெல்லாம் அமெரிக்கத் தரவை மனதில் வைத்துச் சொல்வது. வேறு நாட்டுத் தரவுக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

ஒரு கோடு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதலின்படி, சிறுநீரகத்தின் அமைப்பிலோ செயல்பாட்டிலோ கோளாறு குறைந்தது 3 மாதம் நீடித்தால்தான் அது நாள்பட்ட நோய். நடைமுறையில் இதற்கு இரண்டு அடையாளங்களைப் பார்ப்போம். ஒன்று, ரத்தத்திலுள்ள கழிவுப்பொருளான கிரியேட்டினினிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, 60க்குக் கீழே இருப்பது. இன்னொன்று, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் என்ற புரதம் போவது. ஆக, கோடு விழ வேண்டுமானால் முதலில் யாராவது பரிசோதனை செய்ய வேண்டும். 3 மாதம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டு முடிவுகளையும் ஒரே மருத்துவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்ததை நோயாளியின் குறிப்பில் நோய் என்று எழுத வேண்டும். அன்றைய பில்லில் அதைச் சேர்க்க வேண்டும். இதில் ஏதாவது ஒரு படி விட்டுப்போனாலும் உங்கள் தரவில் அந்த ஆள் நோயற்றவர்தான்.

இந்தப் படிகளில் அதிகம் விட்டுப்போவது கடைசி இரண்டும்தான் என்பது என் அனுபவம். 74 வயதுப் பெண் ஒருவர் முழங்கால் வலிக்காக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இஜிஎஃப்ஆர் 52, ஓராண்டாக அப்படியே இருக்கிறது. மருத்துவர் அதைப் பார்த்திருப்பார். ஆனால் அன்று பார்த்ததும் பேசியதும் முழங்காலைப் பற்றி. பில்லில் போவதும் முழங்கால்தான். வெளிநோயாளி பில்லில் அன்றைய சந்திப்பில் கவனிக்கப்பட்டவையும் சிகிச்சையைப் பாதித்தவையும் மட்டுமே வர வேண்டும் என்பது விதி. எனவே அந்த மருத்துவர் தவறு செய்தார் என்றும் சொல்லிவிட முடியாது. இன்னொரு பக்கம், வயதானவருக்கு லேசாகக் குறைந்திருக்கும் எண்ணை வைத்து 'சிறுநீரக நோயாளி' என்று எழுத மனம் வராத மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நோயாளி பயந்துவிடுவார், காப்பீட்டில் சிக்கல் வரும் என்று நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை.

படிவத்தின் வடிவமும் ஒரு காரணம். மருத்துவர்கள் பில் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் ஒரு காலத்தில் 4 நோய்களுக்குத்தான் இடம். பிறகு அது 12 ஆனது. நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டு வலி என்று நான்கு கட்டங்களும் நிரம்பிவிட்டால் ஐந்தாவதாக நின்ற சிறுநீரகத்துக்கு இடமே இருக்காது. பழைய ஆண்டுகளின் தரவையும் புதிய ஆண்டுகளின் தரவையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். பரிசோதனை முடிவுகளோடு கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சித்திரம் ஒன்றுதான். ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோய் இல்லாதவர்களைச் சரியாக விட்டுவிடும் திறன், மிக அதிகம். பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேலே. சென்சிட்டிவிட்டி, அதாவது நோய் உள்ளவர்களைப் பிடிக்கும் திறன், பல ஆய்வுகளில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆய்வுக்கு ஆய்வு அது எங்கெங்கோ போகிறது. யாரிடம் பார்த்தார்கள், எந்த ஆண்டில், எந்தக் கோடுகளை எடுத்தார்கள், நோய்க்கு எதை அளவுகோலாக வைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒற்றை இலக்கத்திலிருந்து 80க்கு மேல் வரை கிடைக்கும். அதனால்தான் ஒரு எண்ணை எடுத்து மேற்கோள் காட்டாதீர்கள் என்கிறேன். உங்கள் தரவோடு ஒத்துப்போகாத எண் உங்களுக்கு உதவாது.

இதன் விளைவு என்ன என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் மதிப்பீட்டின்படி அங்கே பெரியவர்களில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அதை 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1000 பேரில் 140 பேர். சென்சிட்டிவிட்டி 40 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 98 சதவீதம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நோயுள்ள 140 பேரில் 56 பேருக்குக் கோடு விழும். நோயில்லாத 860 பேரில் 17 பேருக்குத் தவறாகக் கோடு விழும். கோடு உள்ள 73 பேரில் 56 பேர் உண்மையான நோயாளிகள், அதாவது ஏறத்தாழ 77 சதவீதம். கோடு இல்லாத 927 பேருக்குள் 84 நோயாளிகள் ஒளிந்திருக்கிறார்கள், அது 9 சதவீதம்.

இப்போது இதே கோடுகளை நோய் அதிகமுள்ள ஒரு கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். நீண்டகால நீரிழிவு உள்ள 1000 முதியவர்களில் 400 பேருக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது என்று வைத்தால், கோடு உள்ள 172 பேரில் 160 பேர் உண்மையான நோயாளிகள்: 93 சதவீதம். அருமையாக இருக்கிறது. ஆனால் கோடு இல்லாத 828 பேரில் 240 பேர் நோயாளிகள். கிட்டத்தட்ட 10 பேரில் 3 பேர். நோய் 5 சதவீதம் மட்டுமே உள்ள இளையவர் கூட்டத்திலோ கோடு உள்ளவர்களில் பாதிப் பேர்தான் உண்மையான நோயாளிகள். கோட்டின் குணம் ஒரு துளியும் மாறாமலே, கூட்டம் மாறும்போது அதன் நம்பகத்தன்மை தலைகீழாகிறது. அதனால் 'துல்லியம் இத்தனை சதவீதம்' என்று பொதுவாக எழுதிய எந்த வாக்கியத்தையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

நோயின் நிலை இன்னொரு பெரிய விஷயம்; லேசான 1 முதல் முற்றிய 5 வரை நிலைகள் உண்டு. இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே போனவர்களில், 45க்கும் 59க்கும் இடையிலான 3ஏ நிலையில் இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம், கோடு விழாமல் போவதும் அவர்களில்தான் மிக அதிகம். அதற்கும் முந்தைய 1, 2 நிலைகளைக் கோடுகளால் பிடிக்கலாம் என்ற ஆசையையே விட்டுவிடுங்கள். அங்கே நோயைக் காட்டுவது பெரும்பாலும் சிறுநீரிலுள்ள அல்புமின்தான், அந்தப் பரிசோதனையே பலருக்குச் செய்யப்படுவதில்லை. 4, 5 நிலைகளுக்குப் போனால் படம் மாறுகிறது. இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனவர் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார், ரத்தசோகைக்கு மருந்து வாங்குகிறார், டயாலிசிஸ் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. அவரைக் கோடில்லாமல் விட்டுவைப்பது கடினம்.

டயாலிசிஸ் வந்துவிட்டால் கோடுகள் ஏறக்குறைய முழுமை. 1972இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத் திருத்தம் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை வயது பார்க்காமல் திறந்துவிட்டது, 1973 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. டயாலிசிஸ் தொடங்கும்போது 2728 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை நடக்கும் சிகிச்சைக்குப் பணம் கேட்காமல் எந்த மையமும் இருக்காது. இங்கே எச்சரிக்கை ஒன்றே ஒன்றுதான். திடீர்ச் செயலிழப்புக்காகச் சில வாரங்கள் டயாலிசிஸ் செய்துகொண்டு மீண்டு வருபவர்களும் உண்டு. 2017 முதல் அவர்களும் வெளிநோயாளி டயாலிசிஸ் மையங்களிலேயே சிகிச்சை பெறலாம் என்று விதி மாறியது. டயாலிசிஸ் பில் ஒன்றைப் பார்த்தவுடனே நிரந்தரச் செயலிழப்பு என்று முடிவுகட்டினால் இவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். 90 நாள் தொடர்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

தவறாக விழும் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? முதல் இடம் மருத்துவமனை. நீர்ச்சத்து குறைந்தோ நோய்த்தொற்றினாலோ திடீரெனக் கிரியேட்டினின் ஏறியவருக்கு, திடீர்ச் செயலிழப்பைக் குறிக்கும் என்17 விழ வேண்டும். அதற்குப் பதில், அல்லது அதனுடன் சேர்த்து, நிலை குறிப்பிடாத நாள்பட்ட நோய்க்கான என்18.9 விழுந்துவிடுகிறது. முந்தைய கிரியேட்டினின் எவ்வளவு என்று தெரியாத நிலையில் மருத்துவருக்கே அது புதிதா பழையதா என்று சந்தேகம் இருக்கும். அமெரிக்க விதிப்படி உள்நோயாளி பில்லில், வீடு திரும்பும் வேளையிலும் 'இருக்கலாம்' என்று எழுதப்பட்டிருக்கும் நோயை இருப்பதாகவே கோடு போடலாம். வெளிநோயாளி பில்லில் அப்படிச் செய்யக் கூடாது. இந்த வித்தியாசம் தெரியாமல், உள்நோயாளிக் கோடு எப்போதும் வெளிநோயாளிக் கோட்டைவிட உறுதியானது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாவது இடம் ஆய்வகம். பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போதே காரணமாக ஒரு கோடு வேண்டும். முடிவு நார்மலாக வந்தாலும் அந்தக் கோடு உங்கள் தரவில் தங்கிவிடும். அதனால் ஆய்வக பில்களில் மட்டும் வரும் கோடுகளை எடுத்துவிட வேண்டும். ஒரு உள்நோயாளி பில், அல்லது குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு வெளிநோயாளி பில்கள் என்று நிபந்தனை வைப்பதும் பொதுவான வழக்கம். நீங்கள் ஒரே ஒரு கோடு போதும் என்று வைத்திருக்கிறீர்கள். அதை இப்படி மாற்றினால் தவறாக நுழைந்தவர்கள் நன்றாகக் குறைவார்கள், பிடிபடும் நோயாளிகளும் சற்றுக் குறைவார்கள்.

இப்படி மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது கோடு வரும்வரை அந்த ஆள் உயிரோடு இருந்தால்தான் உங்கள் பட்டியலில் வருவார். பின்தொடரும் காலத்தை முதல் கோட்டின் தேதியிலிருந்து எண்ணினால், இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் யாருமே சாகாத அதிசயக் கூட்டம் ஒன்று உருவாகிவிடும். இரண்டாவது கோட்டின் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

கோடுகளின் பட்டியலையும் ஒரு முறை சரிபாருங்கள். என்18 மட்டும் எடுத்தது குறைவு. அமெரிக்க ஐசிடி-10 விதிகள், ரத்த அழுத்தமும் நாள்பட்ட சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் மருத்துவர் மறுக்காதவரை இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. அப்போது ஐ12 வரும், இதயப் பாதிப்பும் சேர்ந்தால் ஐ13 வரும். இரண்டாம் வகை நீரிழிவால் வந்த சிறுநீரக நோய்க்கு இ11.22. இவற்றோடு நிலையைக் காட்ட என்18ஐயும் போட வேண்டும் என்பது விதி. எல்லா பில்லிலும் அது போடப்படுவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைக் காட்டும் இசட்94.0 உள்ளவர்களைத் தனியாக முடிவுசெய்யுங்கள். அவர்களை வைப்பதா விடுவதா என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது.

தேதிகள் இன்னும் முக்கியம். முந்தைய பதிப்பான ஐசிடி-9இல் இதே நோய்க்கான 585 என்ற ஒற்றைக் கோடு 2005 அக்டோபரில்தான் 585.1, 585.2 என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா ஐசிடி-10க்கு மாறியது. 2020 அக்டோபர் 1 முதல் என்18.3 என்ற கோடு என்18.30, என்18.31, என்18.32 என்று மூன்றாக உடைந்தது. உங்கள் நிரலில் என்18.3 என்று அப்படியே ஒப்பிட்டுத் தேடியிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு மூன்றாம் நிலை நோயாளிகள் அனைவரும் ஒரே நாளில் குணமாகியிருப்பார்கள். சிரிக்க வேண்டாம், போய்ப் பாருங்கள். மாதவாரியாக ஒரு வரைபடம் போட்டாலே தெரிந்துவிடும். நிலை குறிப்பிடாத என்18.9 உள்ளவர்களை லேசான நோய் என்று வைத்துக்கொள்வதும் தவறு. அதில் எல்லா நிலையும் கலந்திருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் பில்லிங் கோடுகளைப் பற்றிப் பேச முடியாது. 2007 அக்டோபரில் மெடிகேர் மருத்துவமனைக் கட்டண முறையை மாற்றியபோது, கூடுதல் நோயாக 4, 5 நிலைகள் இருந்தால் கட்டணம் உயர வழி ஏற்பட்டது. டயாலிசிஸ் நிலை இருந்தால் இன்னும் அதிகம். 1, 2, 3 நிலைகளுக்கும் நிலை குறிப்பிடாத கோட்டுக்கும் ஒன்றும் இல்லை. மருத்துவமனைகளில் ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியாளர்கள் மருத்துவரிடம் வந்து 'எந்த நிலை என்று எழுதுங்கள்' என்று கேட்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களுக்கு, ஒவ்வொரு உறுப்பினரின் நோய்ச்சுமையைப் பொறுத்துத்தான் பணம் கிடைக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நோய் புதிதாகப் பதிவாக வேண்டும். இந்தக் கணக்கில் மூன்றாம் நிலையும் பின்னர் சேர்ந்தது. 2024 முதல் படிப்படியாக வந்த இந்தக் கணக்கு முறையின் 28ஆம் பதிப்பு, 3பி நிலையை (இஜிஎஃப்ஆர் 30 முதல் 44 வரை) மற்ற மூன்றாம் நிலைகளிலிருந்து தனியாகப் பிரித்தது. எனவே ஒரே மாதிரி சிறுநீரகம் உள்ள இரண்டு பேரில், அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவருக்குக் கோடு விழ வாய்ப்பு அதிகம். பிரிட்டனிலும் 2006இல் குடும்ப மருத்துவர்களுக்கான ஊக்கத்தொகைத் திட்டத்தில் சிறுநீரக நோய்ப் பதிவேடு சேர்க்கப்பட்டது. எதற்குப் பணம் உண்டோ அது பதிவாகும் என்பது அந்தந்த நாட்டு ஏற்பாட்டுக்கு ஏற்ப எங்கும் பொருந்துகிறது. கோடுகளை மட்டும் வைத்து 'பத்தாண்டுகளில் சிறுநீரக நோய் இரு மடங்கானது' என்று யாராவது எழுதினால், அந்தப் பத்தாண்டுகளில் கட்டண விதிகளில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

இதுவரை சொன்னவை எனக்குச் சந்தேகமில்லாதவை. இனி சொல்வதில் கருத்து வேறுபாடு உண்டு. கோடு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வைத்திருக்கும் அளவுகோலே கொஞ்சம் ஆடுகிறது. பல ஒப்பீட்டு ஆய்வுகள் ஒரே ஒரு இஜிஎஃப்ஆரை வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவுசெய்தன. 3 மாத விதியைப் பார்க்கவில்லை. அப்படிச் செய்தால் தற்காலிகமாகக் குறைந்தவர்களும் நோயாளிகளாகி, கோடு அவர்களைத் 'தவறவிட்டது' என்று கணக்கில் ஏறும். கோட்டின் சென்சிட்டிவிட்டி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். தேசிய அளவில் நோயின் பரவலைச் சொல்லும் என்ஹேன்ஸ் கணக்கெடுப்பும் பொதுவாக ஒரு முறை அளந்த மதிப்பையே நம்புகிறது. தலைகீழாக, அல்புமினைப் பார்க்காமல் இஜிஎஃப்ஆரை மட்டும் வைத்த ஆய்வுகளில், அல்புமினால் நோயாளியான ஒருவருக்குச் சரியாகவே போட்ட கோடு தவறான கோடாகத் தெரியும்.

இஜிஎஃப்ஆர் என்பதும் அளந்த எண் கிடையாது, சூத்திரத்தில் போட்டுக் கணித்த எண். 2021இல் வந்த புதிய சிகேடி-எபி சூத்திரம் இனத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. 2009 சூத்திரத்தோடு ஒப்பிட்டால், அதே கிரியேட்டினினுக்குக் கறுப்பினத்தவர்களின் இஜிஎஃப்ஆர் குறைவாகவும் மற்றவர்களுக்குச் சற்று அதிகமாகவும் வருகிறது. நோயாளியின் உடம்பில் ஒன்றும் மாறாமலே சிலர் 60க்குக் கீழே இறங்கினார்கள், சிலர் மேலே ஏறினார்கள். தசை குறைந்த முதியவர்களுக்கு கிரியேட்டினின் நல்ல அளவுகோல் அல்ல என்பது பழைய குறை. இதையெல்லாம்விடப் பெரிய சண்டை ஒன்று நடக்கிறது. 80 வயதில் இஜிஎஃப்ஆர் 55, சிறுநீரில் அல்புமின் இல்லை என்றால் அது நோயா, வயதா? வயதுக்கேற்ப எல்லையை மாற்ற வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. 60க்குக் கீழே போனால் எந்த வயதிலும் ஆபத்து கூடுகிறது என்று மறு தரப்பு சொல்கிறது. வழிகாட்டுதல் இரண்டாவது பக்கம் நிற்கிறது. என் சொந்தச் சாய்வு முதல் தரப்புக்கு, குறைந்தபட்சம் பெயர் சூட்டும் விஷயத்தில். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ, அதைப் பொறுத்து அந்த 74 வயதுப் பெண்ணுக்குக் கோடு போடாதது குறையாகவோ நல்ல மருத்துவமாகவோ தெரியும். கோட்டின் சென்சிட்டிவிட்டி குறைவு என்று சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் இந்தத் தீராத வழக்கு உட்கார்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் ஆய்வு. கோடு இல்லாத கூட்டத்தில் நோயாளிகள் கலந்திருப்பதால் இரு கூட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசம் மங்கும் என்பது பாடப்புத்தகப் பதில். அது இந்தத் தவறு எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்தால்தான் பொருந்தும். கிளெய்ம் தரவில் அப்படி நடப்பதில்லை. அடிக்கடி மருத்துவரிடம் போகிறவருக்குப் பரிசோதனை அதிகம், கோடும் அதிகம். கோடு விழுந்தவர்கள் சராசரி சிறுநீரக நோயாளியைவிட நோய் முற்றியவர்கள். அவர்களிடம் காணும் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் பொருந்தும் என்று எழுதினால் மிகையாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் இதற்கும் மேலான சிக்கல் ஒன்று இருக்கிறது, பரிசீலகர் அதைக் கவனிக்கவில்லை. கோடு போட்ட மருத்துவருக்கு நோய் தெரியும். நோய் தெரிந்த மருத்துவர் வலி மாத்திரை கொடுக்கத் தயங்குவார். ஆகவே கோடும் இருந்து, வலி மாத்திரையும் வாங்கியவர்கள் ஒரு விசித்திரமான கூட்டம். அவர்களுடைய நோய் லேசாக இருந்திருக்கும், அல்லது வலி தாங்க முடியாததாக இருந்திருக்கும், அல்லது மருந்து எழுதிய மருத்துவரும் கோடு போட்ட மருத்துவரும் வேறு வேறு ஆட்களாக இருந்திருப்பார்கள். மாறாக, நோய் இருந்தும் யாரும் கவனிக்காதவர்கள்தான் தாராளமாக மாத்திரை வாங்குவார்கள். அவர்களை நீங்கள் நோயற்றவர் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். மாத்திரையால் உண்மையில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் உங்கள் ஒப்பீட்டுக் கூட்டத்திலேயே இருக்கலாம். நீங்கள் எதைத் தேடுகிறீர்களோ, அதையே இந்த வடிவமைப்பு மறைத்துவிடக்கூடும். போதாக்குறைக்கு அமெரிக்காவில் ஐபுபுரூஃபனும் நாப்ராக்சனும் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். அப்படி வாங்கியது எந்த கிளெய்மிலும் வராது. இந்தக் கடைசிக் குறையைக் கோடுகளைத் திருத்திச் சரிசெய்ய முடியாது, கட்டுரையில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்? உங்கள் தரவில் ஒரு பகுதியினருக்காவது ஆய்வக முடிவுகள் இணைந்திருந்தால் வேறெதையும் யோசிக்காமல் அங்கே போங்கள். உங்கள் கோடு வரையறை அவர்களிடம் எப்படி வேலை செய்கிறது என்று நீங்களே கணக்கிடுங்கள். 3 மாத இடைவெளியில் இரண்டு இஜிஎஃப்ஆர் உள்ளவர்களை அளவுகோலாக வையுங்கள். பரிசோதனை செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிட நோய் அதிகமுள்ளவர்கள் என்ற எச்சரிக்கையுடன், அந்த எண்தான் பரிசீலகரிடம் காட்ட வேண்டிய எண். அது இல்லாவிட்டால், கேள்வியைக் கோடுகள் தாங்கும் அளவுக்குச் சுருக்குங்கள். 4, 5 நிலைக் கோடுகள் இரண்டு முறை வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுக்குள்ளேயே மாத்திரை வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிடுங்கள். கோடு இல்லாதவர்கள் என்ற கூட்டமே தேவைப்படாது.

ஒப்பீட்டுக் கூட்டம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கோடு இல்லாதவர்கள் எல்லோரையும் எடுக்காதீர்கள். பரிசோதனை முடிவு உங்களிடம் இல்லாவிட்டாலும், பரிசோதனை நடந்ததா என்பது கிளெய்மில் இருக்கிறது. சிபிடி என்பது பரிசோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்குமான பில்லிங் எண்: கிரியேட்டினினுக்கு சிபிடி 82565, அது அடங்கிய தொகுப்புகளுக்கு 80048, 80053, சிறுநீர் அல்புமினுக்கு 82043. கடந்த ஓராண்டில் இவற்றில் ஏதாவது செய்துகொண்டும் சிறுநீரகக் கோடு விழாதவர்கள், பரிசோதனையே செய்துகொள்ளாதவர்களைவிட நம்பகமான ஒப்பீடு. இது முழுத் தீர்வு ஆகாது, மேலே சொன்ன முழங்கால் வலிப் பெண் இதிலும் தப்பிவிடுவார். ஆனாலும் நோயற்றவர் கூட்டம் கொஞ்சம் சுத்தமாகும். பிறகு, சென்சிட்டிவிட்டி 30 ஆக இருந்தால் என்ன ஆகும், 50 ஆக இருந்தால், 70 ஆக இருந்தால் என்று மாற்றி மாற்றிப் போட்டு முடிவு எங்கே உடைகிறது என்று பாருங்கள். மாத்திரை வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வேறு வேறு சென்சிட்டிவிட்டி கொடுத்தும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் ஆய்வில் அதுதான் யதார்த்தம். எந்த அனுமானத்திலும் முடிவு திசை மாறவில்லை என்றால் தைரியமாக எழுதலாம். சிறிய மாற்றத்துக்கே கவிழ்ந்தால், அந்த முடிவை வெளியிடாமல் இருப்பது நல்லது.

பரிசீலகருக்கு எழுதும் பதிலில் சண்டை வேண்டாம். 2015இல் வெளிவந்த ரெக்கார்டு அறிக்கை நெறிமுறை, இப்படிப்பட்ட தரவில் எந்தக் கோடுகளால் ஆட்களைத் தேர்ந்தீர்கள், அவை சரிபார்க்கப்பட்டவையா என்று முழுப் பட்டியலோடு சொல்லக் கேட்கிறது. அதைச் செய்யுங்கள். கோடுகளின் முழுப் பட்டியல், தேதிவாரியான மாற்றங்கள், ஆய்வக பில்களை நீக்கிய விதம், இரண்டு பில் நிபந்தனை ஆகியவற்றை இணைப்பில் போடுங்கள். அப்புறம், இப்போதைய முன்வரைவின் மூன்றாவது பத்தியில் 'ஆய்வு மக்கள்தொகையில் நாள்பட்ட சிறுநீரக நோயின் பரவல் 6 சதவீதம்' என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த வாக்கியத்தை 'நாள்பட்ட சிறுநீரக நோய்க்கான கோடு பதிவானவர்கள் 6 சதவீதம்' என்று மாற்றிவிடுங்கள்.